ஐந்தாவது எழுத்து

மார்ச் 2, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறை ஜன்னலுக்குப் போனேன். கையால் இடது கண்ணை மூடினேன். கறுப்புப் பாறையின் மேல் நிற்கும் இரும்புக் கம்பம் தெரிந்தது. அதன் உச்சியில் இருக்கும் கூடையும், கூடையில் உட்கார்ந்திருந்த நீர்க்காகமும்கூடத் தெரிந்தன. பிறகு வலது கண்ணை மூடினேன். பாறை இருந்தது. கம்பம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஈரவிரலால் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு மங்கல்.

ஜனவரியிலிருந்து தினமும் இதைச் செய்கிறேன், பல் தேய்ப்பதற்கும் முன்னால். கெத்தின் கேட்டால் வானிலை பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவேன். இருபது வருடமாகக் கூட வாழ்கிற புருஷனிடம் ஜன்னலைப் பற்றிக்கூடப் பொய்.

இன்று மீட்புப் படகுப் பயிற்சி. டீக்கனைக் கடலில் போட்டார்கள். டீக்கன் என்பது ஆரஞ்சு உடுப்பு மாட்டிய பொம்மை. எப்போதும் குப்புறத்தான் மிதப்பான். அவனை முதலில் பார்க்கிறவருக்கு டப்பாவிலிருந்து சாக்லேட் பிஸ்கட். சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனாலும் பதினொரு வருடமாகப் படகில் இருக்கிற எனக்கு அந்த பிஸ்கட் வேண்டும்.

தங்கை ஷிவான் பார்த்துவிட்டாள். "இடது பக்கம்! முந்நூறு மீட்டர்! காலை ஆட்டிக்கிட்டு கெடக்கான் பாரு!" மீனும் சிப்ஸும் விற்கிற வண்டியில் நின்று கத்திப் பழகின குரல்.

சுக்கான் பிடிக்கிற எம்ரிஸ் சிரித்தார். "அது கண்ணா, கழுகா? அப்பன் கண்ணு அப்படியே வந்திருக்கு இவளுக்கு!"

எங்கள் அப்பா இருபத்திரண்டு வருடம் இந்தப் படகின் சுக்கானைப் பிடித்தவர். அவருக்கு இரண்டு பெண்கள். அது ஏன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை?

பிஸ்கட்டைப் பாதி உடைத்து என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். பசிதான்.

மார்ச் 5, புதன்

எம்ரிஸ் மே மாதம் இறங்குகிறார். வயது வரம்பு. அடுத்த சுக்கான் நானா, ஷிவானா என்று தேநீர் குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார், சர்க்கரை கேட்பது போல.

மார்ச் 6, வியாழன்

நேற்று இரவு முழுக்க யோசித்தேன். பதினொரு வருடம் எங்கே, இரண்டு வருடம் எங்கே.

ஷிவான் என்னைவிட ஏழு வயது சின்னவள். லிவர்பூலில் கல்யாணம் முறிந்து இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்குத் திரும்பி வந்தாள். வந்த மூன்றாவது வாரமே படகுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். நான்தான் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன். இப்போது படகுக் கொட்டகையில் என் கொக்கிக்குப் பக்கத்துக் கொக்கி அவளுடையது. அவள் தலைமுடி காய்கிற வாசனையோடுதான் நான் உடை மாற்ற வேண்டியிருக்கிறது.

சம்பளம் இல்லாத வேலை இது. பேஜர் அலறினால் செய்துகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். நான் துறைமுக அலுவலகத்திலிருந்து ஓடுவேன், மைரிக் தச்சுப் பட்டறையிலிருந்து, அவள் கொதிக்கிற எண்ணெயை அணைத்துவிட்டு. யாருக்கும் இதில் ஒரு காசு கிடையாது. இருந்தும் இதைப் போல வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. ஒரு வெள்ளைத் தலைக்கவசம். படகில் மற்றவர்களுக்கு மஞ்சள். சுக்கான் பிடிக்கிறவருக்கு மட்டும் வெள்ளை. அவ்வளவுதான் வேண்டும்.

பூகோளம் படித்துப் பட்டம் வாங்கின நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒரு தொப்பிக்கு ஏங்குகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

தலைமையகத்திலிருந்து கடிதம். சுக்கானுக்குத் தேர்வாகிறவர்கள் உடல் தகுதியையும் கண் பார்வையையும் புதிதாகக் காட்ட வேண்டும். மருத்துவர் இந்த வாரமே. கண் பரிசோதகர் ஏப்ரல் 6 அன்று.

கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கண்ணாடி போட்டுப் படிப்பது ஒரு கணக்கு, வெறுங்கண்ணால் படிப்பது இன்னொரு கணக்கு. ஒரு அலை அடித்தால் கண்ணாடி போய்விடும் என்பதால் வெறுங்கண் கணக்கில் தளர்வே கிடையாது. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். நிறமும் பார்ப்பார்கள். துறைமுக வாயிலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் மாற்றிப் பார்க்கிறவர் கையில் யார் படகைக் கொடுப்பார்கள்? எல்லாம் நியாயமான விதிகள். வேறொருவருக்கு என்றால் நானே கறாராக எடுத்துச் சொல்வேன்.

"தேறலேன்னா என்ன பண்ணுவாங்க எம்ரிஸ்?" என்று கேட்டேன், கெட்டிலைப் பார்த்துக்கொண்டே.

"கரைக்கு அனுப்புவாங்க. படகைத் தள்ளுற டிராக்டரை ஓட்டலாம், கதவைத் திறக்கலாம், எனக்கு டீ போடலாம்." கண்ணடித்தார். "உனக்கென்ன டெக், நீ இந்தச் செவுத்துலயே பொறந்து வளந்தவ."

சுவர் என்று அவர் சொன்னது கண் பரிசோதனை அட்டையை. ஹவெல் என்ற பழைய கண் பரிசோதகர் இருபது வருடத்துக்கு முன்னால் எங்கள் கொட்டகைச் சுவரில் அதை ஆணி அடித்து மாட்டினார். வேலையை விட்டுவிட்டு நகரத்துக்குப் போக யாருக்கும் நேரமில்லை, அதனால் அவரே இங்கே வந்து சோதிப்பார். ஆறு மீட்டர் தள்ளித் தரையில் வெள்ளைக் கோடும் போட்டார். அந்தக் கோட்டுக்கு மேலேதான் பிறகு கெட்டில் மேசை வந்தது. இருபது வருடமாகத் தண்ணீர் கொதிக்கும்வரை எல்லோரும் அந்த அட்டையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அதன் கடைசி வரி எங்கள் ஊரில் கோப்பை தூக்கும்போது சொல்கிற சொல்லாகவே ஆகிவிட்டது. கல்யாண விருந்தில்கூட மைரிக் எழுந்து நின்று "எச், வி, ஆர், பி, இசட், டி!" என்பான். கூட்டம் திருப்பிச் சொல்லும். மாப்பிள்ளை வீட்டார் விழிப்பார்கள்.

இன்று பயிற்சியில் சுக்கான் என் கையில். ஷிவான் வாய் ஓயவே இல்லை. "வலது பக்கம் பச்சை மிதவை... முன்னாடி நண்டுக்கூட்டு மிதவை, ரெண்டு... இடது பக்கம் கயிறு." எனக்குத் தெரியாதா? ஜனவரியில் ஒரு தடவை நண்டு பிடிக்கும் கூடு கட்டிய மிதவை ஒன்றை உரசிவிட்டேன், வெயில் கண்ணில் அடித்தது என்று சொன்னேன். அன்றிலிருந்து இவள் இப்படித்தான். எம்ரிஸ் காதில் விழட்டும் என்று கத்துகிறாள். அத்தனை பேர் முன்னால் என்னைப் பச்சைப்பிள்ளை ஆக்குகிறாள்.

மார்ச் 13, வியாழன்

மருத்துவர். ரத்த அழுத்தம், காது, முதுகு, முழங்கால், ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, மயக்கம் வருமா. பிறகு பெஞ்சின்மேல் ஏறி இறங்க வேண்டும், மணி அடிக்கும் வேகத்துக்கு. இரண்டு பேரும் பக்கம் பக்கமாக ஏறி இறங்கினோம்.

ஷிவான் ஐந்தாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்கினாள். "டாக்டர்... இந்த பெஞ்சைக் கடல்ல போட்டு ஏறச் சொல்லுங்க... சுலபமா இருக்கும்."

"சிப்ஸைக் குறைங்க" என்றார் டாக்டர்.

"சிப்ஸைக் குறைச்சா ஊரே பட்டினி கெடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ்கூட. அவள் தோற்றாலும் சிரிப்பு அவளுக்குத்தான் விழும். என் நாடித்துடிப்பு அவளுடையதைவிட இருபத்து மூன்று குறைவு. அந்த எண்ணை வீடு வரைக்கும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். இருபத்து மூன்று, இருபத்து மூன்று.

இப்படி ஒரு பெண்ணாக நான் எப்போது ஆனேன்? எப்போதும் இப்படித்தான் இருந்தேனோ.

மார்ச் 20, வியாழன்

ஷிவான் சாப்பிட வந்தாள். ஆட்டுக்கறி சூப் வைத்தேன். அவள் பழரொட்டி கொண்டுவந்தாள், அம்மா செய்தது. அம்மா எனக்குப் பழரொட்டி கொடுத்தனுப்பி எத்தனை மாதம்? நான் நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறேன்.

கெத்தின் அவளிடம் படகுப் பட்டறைக் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அதே கதையை எனக்கும் சொன்னான். எனக்குச் சொன்னபோது இவ்வளவு நன்றாக இல்லை.

போகும்போது அவள் தோளில் அப்பாவின் தொலைநோக்கி. பித்தளை மூக்கு தேய்ந்த அதே தொலைநோக்கி.

"அம்மா குடுத்தாங்க டெக். வேணாம்னுதான் சொன்னேன். 'உனக்குத்தான் அவரு கண்ணு, நீயே வெச்சுக்கோ'ன்னுட்டாங்க." கொஞ்சம் நின்றாள். "உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. நெசமாத்தான் சொல்றேன்."

"எனக்கு எதுக்கு? உனக்குத்தானே கண்ணு இருக்கு."

சொன்ன பிறகு என் குரல் எனக்கே கேட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் முகத்தையா, கண்ணையா என்று தெரியவில்லை.

பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். கெத்தின் வெங்காயமா என்றான். சூப் முடிந்து ஒரு மணி நேரம் ஆகிறது, என்ன வெங்காயம்!

மார்ச் 28, வெள்ளி

காலையில் கம்பம் இடது கண்ணுக்குச் சுத்தமாக இல்லை. மழை என்று வைத்துக்கொண்டேன். வலது கண்ணுக்கு அதே மழையில் இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

நகரத்தில் நானாகவே ஒரு கண் மருத்துவரிடம் முன்கூட்டிப் போய்ப் பார்த்துவிடலாமா? போனால் இதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் இல்லாதவரைக்கும் இது வெறும் மழை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இன்றைக்காவது.

புதுக் கண் பரிசோதகர் பெயர் ரீஸ். சின்ன வயசு, பளபளக்கிற காலணி, கொட்டகை ஈரத்தில் வழுக்கிக்கொண்டே வந்தார். தன் திரையையும் விளக்குப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். பெட்டியின் சொருகி எங்கள் பழைய மின் பலகையில் நுழையவில்லை. சுவரைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். நாடா வைத்து அளந்தார்.

"அட, சரியா ஆறு மீட்டர்! இதையே வெச்சுக்கலாம் போலிருக்கே."

"எங்க ஊர்ல எல்லாமே சரியாத்தான் இருக்கும்" என்றார் எம்ரிஸ். எல்லோருக்கும் அது மனப்பாடம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பற்றி வந்தவரிடம் யாராவது எச்சரிப்பார்களா? எனக்கு மட்டும் தோன்றியது.

முதலில் நான். நிறப் புள்ளிகள் எல்லாம் சரி. வலது கண், கடைசி வரி வரைக்கும் சரி. பிறகு, "இப்போ இடது."

வலது கண்ணை மூடினேன். மேலே ஒரு பெரிய கறுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறப் படிகள். அதற்கும் கீழே வெள்ளை.

தெரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்காகத்தான் திறந்தேன். வாய் பாட்டுக்கு வரி வரியாக இறங்கிக்கொண்டு போயிற்று, கடைசியில் "எச், வி, ஆர், பி, இசட், டி" என்று நின்றது. சின்ன வயதில் தேவாலயத்தில் பாதித் தூக்கத்தில் ஜெபம் சொல்வோமே, அப்படி.

"அருமை. ஒண்ணுகூட விடல" என்று தன் கையிலிருந்த அச்சுப் பட்டியலில் குறித்துக்கொண்டார் ரீஸ்.

அடுத்து ஷிவான். அவளும் இறங்கி வந்தாள். கடைசி வரியில் நின்றாள். "எச், வி, ஆர், பி... அடுத்தது தெரியல. கடைசி டி."

"சும்மா ஊகிச்சுச் சொல்லுங்க, பரவாயில்ல."

"இல்ல சார். எழுத்தே தெரியல. தெரியாததை எப்படிச் சொல்றது?"

"ஒண்ணு போனா ஒண்ணும் கெட்டுப்போகாது. தேறிட்டீங்க." குறித்துக்கொண்டார்.

எனக்குள்ளே ஏதோ துள்ளியது. காகிதத்தில் என் கண் அவள் கண்ணைவிட நல்ல கண். அப்பாவின் கண்! அந்தத் தொலைநோக்கியைத் திருப்பி வாங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

ரீஸ் போன பிறகு எல்லோரும் படகைக் கழுவப் போனார்கள். ஷிவான் கையுறையை மாட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். "அஞ்சாவது எழுத்து தெரிஞ்சுதா டெக்?" என்றாள். ரொம்பச் சாதாரணமாக.

"தெரிஞ்சுதே. ஏன், உனக்குத் தெரியலையா?"

அவள் படகுப் பக்கம் போய்விட்டாள்.

தனியாக அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மூக்கு படுகிற தூரத்தில்.

கடைசி வரியில் ஐந்தாவது எழுத்து இல்லை. அந்த இடத்தில் பென்னிக் காசு அளவுக்குத் தேநீர்க் கறை. காய்ந்து, பழுப்பாகி, ஓரம் கறுத்து. யாரோ எப்போதோ கோப்பையை வீசி விளையாடியிருக்கிறார்கள். இசட் என்று ஒரு எழுத்து அங்கே இருந்ததை இப்போது எந்தக் கண்ணாலும் படிக்க முடியாது. கழுகாலும் முடியாது. என் வலது கண்ணும் அதைப் படிக்கவில்லை, அப்போதும் பழகின வாய்தான் சொல்லியிருக்கிறது.

அது இசட் என்று ஷிவானுக்கும் தெரியும். கல்யாண வீடுகளில் அவளும் சேர்ந்து கத்துகிறவள்தான். தெரிந்திருந்தும் கண்ணுக்குப் பட்டதை மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 7, திங்கள்

அவளுக்குத் தெரியும். எம்ரிஸிடம் ஏன் சொல்லவில்லை? எதற்குக் காத்திருக்கிறாள்?

ஏப்ரல் 9, புதன்

வெள்ளைத் தலைக்கவசம் என் கொக்கியில் தொங்குகிறது.

"அனுபவமும் உனக்குத்தான் அதிகம், கண்ணும் உனக்குத்தான் ஒரு எழுத்து அதிகம்" என்றார் எம்ரிஸ். "மே வரைக்கும் என் மேற்பார்வையில ஓட்டு. அப்புறம் முழுசா உன்னுது." கை தட்டினார்கள். மைரிக் தேநீர்க் கோப்பையைத் தூக்கி அந்த வரியைச் சொன்னான். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். நான் ஷிவானின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நான்கு எழுத்து சொன்னாள். ஐந்தாவதில் தேநீரைக் குடித்தாள்.

பிறகு வந்து கட்டிக்கொண்டாள். "அப்பா இருந்திருந்தா ஊரையே கூட்டியிருப்பாரு." குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளை வெறுப்பதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

ஆசைப்பட்டது கிடைத்த பிறகும் பொறாமை போகவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு முடிந்ததே, அதன்மேல் இப்போது பொறாமை.

ஏப்ரல் 13, ஞாயிறு

பயிற்சி. நான் சுக்கானில். அவள் இடது பக்கம் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே இடது பக்கம்தான் உட்காருகிறாள். வாய் ஓயவில்லை.

ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள்

இன்றைக்கு எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பேஜர் அடித்தது. விடுமுறைக் கூட்டம், கரையெல்லாம் ஐஸ்கிரீம், நல்ல வெயில், கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று. காற்றடைத்த ரப்பர் ஓடத்தில் ஒரு அப்பாவும் மகளும் முனைக்கு வெளியே இழுத்துச் செல்லப்பட்டார்கள். ஆறு நிமிடத்தில் படகு தண்ணீரில். நான், ஷிவான், மைரிக். எம்ரிஸ் கரையில் ரேடியோவில்.

ஓடம் எனக்குத் தெரிந்தது. மஞ்சள், நேர் எதிரே, அரை மைல். வலது கண் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வேகத்தைக் கூட்டினேன். தண்ணீர் முழுக்க வெயில் உடைந்து கிடந்தது. ஷிவான் வழக்கம்போலப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பாறை, மிதவை, கயிறு. எனக்கு எரிச்சல். இன்றைக்காவது வாயை மூடமாட்டாளா என்று நினைத்தேன். அந்த நிமிடம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இடது! இடது பக்கம் ஆளு! நிறுத்து டெக், நிறுத்து!"

எனக்கு எதுவும் தெரியவில்லை. வெயில்தான் தெரிந்தது. என் கை யோசித்தது. அவள் கை யோசிக்கவில்லை. என் கையோடு சேர்த்து வேகக் கைப்பிடியைப் பின்னால் இழுத்தாள். படகு மூக்கைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தது. அப்போது பார்த்தேன். ஒரு பெண்ணின் தலை. நரைத்த முடி, வெள்ளை நீச்சல் தொப்பி பாதி கழன்றிருந்தது. ஒரு படகு நீளம்கூட இல்லை. ஓடத்தில் இருந்த மகளின் பாட்டியாம். பேத்தி போவதைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் நீந்திக் கிளம்பியிருக்கிறாள். யாரும் எங்களிடம் அவளைப் பற்றிச் சொல்லவில்லை.

அவளைத் தூக்கிப் போட்டோம். "ஏண்டி, என்மேலயே ஏறிடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள் பல் தந்தியடிக்க. மைரிக் சிரித்தான். ஷிவானும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்று பேரையும் கரை சேர்த்தோம். எம்ரிஸ் என் முதுகில் தட்டினார். "அந்தக் கிழவியைச் சரியான நேரத்துல பாத்தே பாரு! அப்பன் கண்ணு!"

பதினொரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. ஷிவான் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மைரிக் துறைமுக அலுவலகத்துக்கு வந்தான், படகு நிறுத்த இடம் மாற்ற. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"உன் தங்கச்சி நேத்து தொண்டை கட்டிப்போச்சுன்னா. நீ ஓட்டினாத்தான் அவ இந்த ரேடியோ வேலை பாக்குறா. எம்ரிஸ் ஓட்டும்போது பாரு, ஊமை. ஒரு வார்த்தை வராது. அக்கா மேல நம்பிக்கை இல்லையாடின்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'கூட இருந்தா பேசணும்னு தோணுது'ன்னா."

அவன் போன பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜனவரியிலிருந்து. நண்டுக்கூட்டு மிதவையை உரசின அன்றிலிருந்து. பச்சை, கயிறு, பாறை, ரெண்டு மிதவை. என்னை மட்டம் தட்டுவதாக நான் எண்ணிக்கொண்டிருந்த ஒவ்வொரு சொல்லும். நான் அவளைக் கரித்துக்கொட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அவள் என் இடது பக்கம் உட்கார்ந்து எனக்குக் கண்ணாக இருந்திருக்கிறாள்.

நன்றி வர வேண்டும். வரவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. யார் கேட்டார்கள் இவளை? பிறகுதான் மற்றது வந்தது. நேற்று கத்துவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தால்? மைரிக்கோடு பேசிக்கொண்டு இரண்டு நொடி திரும்பியிருந்தால்? அந்த நரைத்த முடி.

ஏப்ரல் 23, புதன்

கண் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தேன், நகரத்தில். செவ்வாய் பத்தரை மணி. "என்ன தொந்தரவு?" என்று கேட்டாள் அந்தப் பெண். "இடது கண் தெரியல" என்றேன். மூன்றே சொல். நான்கு மாதம் ஆயிற்று.

ஏப்ரல் 26, சனி

எழுந்ததும் இன்று ஜன்னலுக்குப் போகவில்லை. கெத்தின் "வானிலை பாக்கலையா?" என்றான். "நீ பாத்துச் சொல்லு" என்றேன். ஜன்னலுக்குப் போய், "கூடையில ரெண்டு காக்கா" என்றான். அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டுச் சவரம் செய்யப் போனான்.

சாயங்காலம் தனியாகக் கொட்டகைக்குப் போனேன். துடைக்கிற சாக்கில் வெள்ளைத் தலைக்கவசத்தைக் கையில் எடுத்தேன். போட்டும் பார்த்தேன். கண்ணாடியில் நன்றாகத்தான் இருக்கிறது. அவளுக்கு இன்னும் நன்றாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும், எரிகிறது, இருக்கட்டும். இது ஒரு நாளில் போகிற எரிச்சல் இல்லை. நான் கதவைத் திறந்துவிட, டிராக்டர் தள்ளிவிட, அவள் வெள்ளையைப் போட்டுக்கொண்டு கடலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கப் போகிறேன். எத்தனையோ வருடம் நிற்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் எரியும்.

அட்டையின் நான்கு ஆணியில் மூன்றைத் தளர்த்தி வைத்துவிட்டு வந்தேன். நான்காவது நாளைக்கு.

நாளை எல்லோரும் இருப்பார்கள். கெட்டில் கொதிக்கும். அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்து, கறையைக் காட்டி, என்ன செய்தேன் என்று எம்ரிஸிடம் சொல்லப் போகிறேன். கெத்தினிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது பக்கத்து அறையிலிருந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டான். கடைக்குப் போக வேண்டிய பட்டியல் என்றேன்.

ஒரே ஒரு கவலைதான். நான் வாயைத் திறப்பதைப் பார்த்ததும் ஷிவான் குறுக்கே புகுந்துவிடுவாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, அன்றைக்கு வெளிச்சம் போதவில்லை என்று ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாள். எதிரே வருவது எப்போதும் அவளுக்குத்தான் முதலில் தெரிகிறது.

நாளைக்கு மட்டும் நான் முந்திக்கொள்ள வேண்டும்.